சரி பண்ணியாச்சுங்க

புத்தகத்தை வாங்கும் வெளிநாட்டுத் துரைசாணியின் மின்னஞ்சலில் நான்கு குறைகள் இருந்தன. முதல் இரண்டும் வழக்கமான பிதற்றல். முயலின் காது இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கலாம், தலைப்பின் எழுத்துகள் இன்னும் கொஞ்சம் குண்டாக இருக்கலாம். நான்காவது, கூரையின் சிவப்பு அவள் நாட்டுக் குழந்தைகளின் கண்ணை உறுத்துமாம். மூன்றாவதைப் படித்தபோதுதான் முகிலனுக்குச் சிரிப்பு வந்தது. அட்டைப்படத்தில் முருங்கை மரத்துக்குப் பின்னால் நிற்கும் பெண்மணி கதையில் வரவில்லையே, அவரை எடுத்துவிட முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தாள்.

முருங்கை மரத்துக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. வரைந்தவன் அவன். மரத்துக்குப் பின்னால் பச்சை, பச்சைக்கு மேலே நீலம், அவ்வளவுதான். அந்தம்மாள் மதியமே எதையோ குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் கண்ணாடியைத் துடைக்க மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

அது காகிதப் புத்தகம்கூட இல்லை. பனியன் துணியில் ஆறு பக்கம் படம் அச்சடித்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்து, எதையும் வாயில் வைத்துச் சப்புகிற வயதுக் குழந்தைகளுக்கு விற்கும் துணிப் புத்தகம். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு கதை, அதை எழுத ஒரு எழுத்தாளர், அதில் குறை கண்டுபிடிக்க ஒரு துரைசாணி, அச்சடிக்கத் திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனி. குழந்தைச் சட்டைகளின் நெஞ்சில் கரடியும் வாத்தும் ரயிலும் வரைந்தே பத்து வருடத்தை ஓட்டிவிட்ட முகிலனிடம், அட்டைப்படத்தை நீயே வரை என்று முதலாளி சொன்னபோது அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்பு வந்தது. மிதப்பை மறைக்க எல்லாரையும் கிண்டல் செய்தான். மறைப்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கதையும் ஒன்றும் பெரிய கதை இல்லை. ஒரு சிறுமி கண்ணாமூச்சி விளையாடுகிறாள். முயல், ஆட்டுக்குட்டி, பூனை எல்லாம் ஒளிந்துகொள்கின்றன, அவள் தேடுகிறாள். அட்டையில் சிவப்புக் கூரை போட்ட மாடி வீடு. மேலே ஒரு ஜன்னல், அதில் வெறும் மஞ்சள். கீழே வாசல் நிலையில் முகத்தைச் சாய்த்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள் சிறுமி. வலது பக்கம் முருங்கை, இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி. மொத்தம் ஆறு நிறங்கள், நிறத்துக்கு ஒன்றாக அச்சடிக்க ஆறு ஸ்கிரீன்.

அந்தச் சிறுமி அபிராமி. மண்ணரையில் அவன் வீட்டு வாசல் நிலையில்தான், ஞாயிற்றுக்கிழமை மகளை அப்படி நிற்கவைத்துப் படம் எடுத்தான். ஐந்து வயது, நீலக் கவுன், ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன். இருபதுவரை எண்ணு கண்ணு என்றான். அவள் பதிமூணுக்குப் பிறகு நேராகப் பதினஞ்சுக்குப் போனாள். பதினாலு எங்கே என்று கேட்டால் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடியும் பதிமூணு, பதினஞ்சு. அவளுடைய கணக்கில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. உலகத்தில் முகிலன் ஏளனம் செய்யாத ஒரே ஆள் அவள்தான். அவளைப் பார்க்கும்போது அவன் குரலே வேறாகிவிடும்.

குறை சொன்னால் திருத்த வேண்டும் என்பது தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களின் எண்ணம். முகிலனின் வழி வேறு. கோப்பின் பெயரில் இருக்கும் ஒன்றை இரண்டாக்குவான், தேதியை மாற்றுவான், நீங்கள் சொன்னபடி எல்லாம் சரிசெய்யப்பட்டது என்று நான்கு வார்த்தை எழுதி அதே படத்தைத் திருப்பி அனுப்புவான். பத்தில் ஒன்பது பேர், இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நன்றி சொல்வார்கள். அவர்களுக்குத் தேவை திருத்தம் இல்லை, தாங்கள் சொன்னதை ஒருவன் கேட்டான் என்ற திருப்தி. திருப்பூரில் இதைச் செய்யாத டிசைனர் யார் என்று அவன் கேட்பான். முதலாளி கேட்டால், சரி பண்ணியாச்சுங்க என்பான்.

இந்த முறையும் அதைத்தான் செய்தான். முயலின் காது நீளவில்லை. மூன்றாவது குறைக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதினான்: மரத்துக்குப் பின்னால் இருந்த பெண்ணை அங்கிருந்து எடுத்துவிட்டேன். எழுதும்போதே சிரிப்பாக இருந்தது.

மறுநாள் பதில் வந்தது. முயலின் காது இப்போது மிக அழகு, நன்றி. எழுத்தும் அருமை. ஆனால் அந்தப் பெண்மணி மரத்தை விட்டு நகர்ந்து தண்ணீர்த் தொட்டியின் அருகே நிற்கிறார். எங்களைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் போல. அவர் படத்திலேயே வேண்டாம். சாம்பல் நிற மேலங்கியும், தலையில் தொப்பியும், வாயில் கட்டிய துணியும் குழந்தைகளைப் பயமுறுத்தும்.

முகிலன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு படத்தைத் திறந்து தொட்டியைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். தொட்டியின் நீலமும் புல்லின் பச்சையும் கட்டம் கட்டமாக உடையும்வரை பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அணைத்துப் பார்த்தான். ஆறு நிறத்திலும் ஒன்றும் இல்லை. சாம்பல் என்ற நிறமே அந்தக் கோப்பில் கிடையாது. எங்களிடம் இல்லாத ஏழாவது நிறத்தை இவளுக்கு மட்டும் எவன் கொண்டுபோய்க் காட்டினான் என்று வாய்விட்டே சொன்னான். 

அவன் வேலை செய்யும் அறை வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்தது. கணினிக்கு முன் உட்கார்ந்தால், திறந்த கதவு வழியாகக் கூடமும், கூடத்துக்கு அப்பால் வாசல் நிலையும் நேராகத் தெரியும். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான்கு மணிக்கே வெளிச்சம் சாம்பிவிட்டது. பக்கத்துச் சந்தில் பவர்டேபிள் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம், மழை ஓட்டில் விழும் சத்தம், இரண்டுக்கும் நடுவில் அபிராமி வாசலில் நின்று எண்ணும் சத்தம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. யாரும் ஒளிந்துகொள்ளாமலே கண்ணைப் பொத்தி எண்ணிக்கொண்டிருப்பாள்.

அவளைக் கூப்பிட்டான். மடியில் உட்காரவைத்து, படத்தில் என்னென்ன இருக்கு, சொல்லு கண்ணு என்றான். அவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். முயல், ஆட்டுக்குட்டி, கூரைமேல் பூனை, அப்புறம் நானு. விரல் தொட்டியின் பக்கம் போய் நின்றது.

"இந்த ஆயா யாருங்கப்பா?"

எந்த ஆயா என்று கேட்டான். இந்த ஆயாதான் என்று பச்சைப் புல்லை அழுத்திக் காட்டினாள். விரலின் ஈரம் திரையில் ஒட்டியிருந்தது. அவன் அதைச் சட்டையின் நுனியால் துடைத்துவிட்டு அவளை இறக்கிவிட்டான். குழந்தைகள் எதையாவது சொல்லும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி நிர்மலா வந்து எட்டிப்பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் முகம் சரியில்லை. "நம்ம புள்ளைய அதுலிருந்து எடுத்துட்டு வேற ஆராச்சும் புள்ளைய வரைங்க" என்றாள். அவன் சிரித்தான். பெரிய ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள் சொல்கிறாள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றான். அவள் சமையலறைக்குத் திரும்பினாள். போகும்போது மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "ஆருக்குங்க தலவலி? தைலம் வாசம் அடிக்குது" என்று மட்டும் கேட்டாள்.

யாருக்கும் தலைவலி இல்லை. முகிலன் கோப்பின் பெயரில் இரண்டை மூன்றாக்கினான். தொட்டி அருகே இருந்த பெண்ணையும் எடுத்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினான்.

புதன்கிழமை பிரிண்டிங் யூனிட்டில் அட்டையைத் துணியில் அடித்துப் பார்த்தார்கள். நீளமான மேசையில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயும் பசையும் கலந்த நாற்றம். பிரிண்டிங் மாஸ்டர் நல்லான் ஸ்கிரீனை வைத்து, ரப்பர் பட்டையை இழுத்து, தூக்கி, அடுத்த ஸ்கிரீனை வைத்தார். முப்பது வருடமாக அதே மேசையில் அதே இழுப்பை இழுக்கிற மனிதர். முகிலனுக்கு அவரைப் பார்த்தால் செக்குமாடு நினைவுதான் வரும். கடைசியாகக் கறுப்பு. அதைத் தூக்கியவர் ஸ்கிரீனைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, ஒச்சாயம்மா படத்த எதுக்குங்க போட்டீங்க?"

அந்தப் பெயரைக் கேட்டதும் முகிலனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. போன வருடத்துக் கதை. ஒச்சாயி செக்கிங் பிரிவில் இருந்தவள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், ஐம்பது வயதுக்கு மேல். சாம்பல் நிற ஓவர்கோட், தலையில் தொப்பி, பஞ்சுத் தூசிக்காக வாயில் துணி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி. நாள் முழுக்க ட்யூப்லைட்டுக்குக் கீழே துணியை உற்றுப் பார்ப்பதால் வருகிற தலைவலிக்கு நெற்றி நிறையத் தைலம் பூசியிருப்பாள். அவன் வரைந்த கரடியின் ஸ்கிரீனில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அச்சில் அது கரடியின் கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளியாக விழுந்தது. ஒச்சாயி அதைப் பிடித்துவிட்டாள். அவன் ஸ்கிரீனைத் தொடாமலே, புள்ளியை எடுத்துவிட்டேன், அடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினான். மறுநாள் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனியில் அப்போது அவனுக்கு இருந்த மேசைக்கே வந்து நின்றாள்.

"சின்னப் புள்ளைக போடுறது சார். கரடி அழுகுற மாதிரி இருக்கு" என்றாள். எடுத்தாயிற்று என்று அவன் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். அவள் போகவில்லை. "எடுத்துட்டேன்னு நீங்க சொன்னா எடுத்ததாயிருமா சார்? ஏங் கண்ணு பாத்துக்கிட்டுத்தான இருக்கு."

அச்சடித்து அனுப்பிய சட்டையெல்லாம் திரும்பி வந்தது. யார் சரி பார்த்தது என்று முதலாளி கத்தியபோது, செக்கிங்கில் இருக்கும் அந்தம்மாவுக்குக் கண்ணே தெரியவில்லை, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றான் முகிலன். ஒரே ஒரு வரி. அன்று மாலையே அவள் ஓவர்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிறிது நேரம் நின்றாள். அவன் நிமிரவில்லை.

அந்தம்மாள் இப்போது எங்கே என்று நல்லானிடம் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? கண்ணு தெரியாத பொம்பளைன்னு எல்லாக் கம்பெனிக்கும் பேச்சுப் போயிருச்சுங்க. ஒருத்தரும் வேலைக்குச் சேக்கல. மண்ணரைல லைன் ஊட்டுலயே கெடந்தாங்க. ஆடி மாசம் மூணு நாளாக் கதவு தொறக்கலைன்னு ஊட்டுக்காரர் ஒடச்சுப் பாத்திருக்காருங்க. உக்காந்தவாக்குலயே உசுரு போயிருந்துச்சாமுங்க. செவுத்துல மொகத்த வெச்சு, ரெண்டு கையிலயும் கண்ணப் பொத்திக்கிட்டு."

மேசைமேல் ஈரமாகக் கிடந்த துணியை முகிலன் பார்த்தான். நிலையில் முகத்தை வைத்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அபிராமி. ஒச்சாயி எங்கே நிற்கிறாள், காட்டுங்கள் என்றான். குரல் கொஞ்சம் உடைந்தது, அதை இருமலாக மாற்றினான். நல்லான் சாயம் படிந்த விரலை நீட்டினார். தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவில். சிறுமியிடமிருந்து ஒரு சாண் தூரத்தில். அங்கே பச்சை இருந்தது, பச்சை மட்டும் இருந்தது. நேற்று ஊற்றிக்கொண்டது இன்னும் இறங்கவில்லை இந்த ஆளுக்கு என்று நினைக்க முயன்றான். நல்லான் குடிக்கிற ஆள் இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மழை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது வாசல் நிலையில் தைல வாசம் அடித்தது. குனிந்து மரத்தை மோந்து பார்த்தான். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், குழந்தையின் நெற்றி படுகிற இடத்தில், வாசம் காரமாக இருந்தது. நிர்மலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சொன்னது சரி என்றாகிவிடும்.

வியாழக்கிழமை மாலை அடுத்த அஞ்சல் வந்தது. இதில் எண் போட்ட குறைகள் இல்லை, நன்றி இல்லை. அந்தப் பெண் இப்போது சிறுமியின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார். துணி கட்டிய வாயைச் சிறுமியின் காதருகே வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். கழுத்திலிருந்து தொங்கும் கத்தரி சிறுமியின் தோளில் படுகிறது. இது எங்களுக்கு வேடிக்கையாக இல்லை. இன்றைக்குள் அவரை எடுங்கள்.

மணி ஐந்தே முக்கால். நிர்மலா பால் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குக் கரண்டு போயிரும், பாப்பா வாசல்ல வெளையாடுது, பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள். அவன் தலையை ஆட்டினான். கண் திரையிலேயே இருந்தது. தன் மகளின் அவிழ்ந்த ரிப்பன், தன் மகளின் தோள், தன் மகளின் காது. அவற்றைச் சுற்றிப் பச்சை. பச்சைக்குள் ஒன்று இருக்கிறது. கடல் தாண்டி இருக்கிறவளுக்குத் தெரிகிறது, சாயம் பூசுகிற நல்லானுக்குத் தெரிகிறது, ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிகிறது. வரைந்தவனுக்குத் தெரியவில்லை.

பயமாக இருந்தது. அதைப் பயம் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு ஒரு நிமிடம் ஆனது. செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகவே தெரிந்தது. அபிராமியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். இரண்டு நாள் வேலை. உங்கள் குறைகளில் ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை, மன்னியுங்கள், இரண்டு நாள் கொடுங்கள் என்று அந்தத் துரைசாணிக்கு எழுத வேண்டும். பேனாவைப் பிடிக்கத் தெரியாத ஒருத்தியிடம், பத்து வருடம் கழித்து, முதல் தடவையாக. விரல்களை விசைப்பலகையில் வைத்தான். விரல்களுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பழக்கம்.

அந்தப் பெண்ணைப் படத்திலிருந்து முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டேன். அவர் இனிமேல் படத்துக்குள் இல்லை.

மூன்றை நான்காக்கினான். அனுப்பினான்.

கரண்டு போனது. சந்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, மின்விசிறி சுற்றித் தளர்ந்து நின்றது, தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது. மேசைக்குக் கீழே யூபிஎஸ் பீப் என்றது. பத்து நிமிடம் தாங்கும். திரையின் வெளிச்சம் அவன் கையிலும் மேசையிலும் மட்டும் விழுந்தது. கூடம் இருட்டாக இருந்தது. கூடத்துக்கு அப்பால் வாசல் மட்டும் மழை வெளிச்சத்தில் சாம்பலாக நின்றது. நிலை தெரிந்தது. நிலையில் யாரும் இல்லை.

அபிராமி என்று கூப்பிட்டான்.

பீப்.

எழுந்தான். அதே நேரம் அஞ்சல் வந்து விழுந்தது. நின்றுகொண்டே படித்தான்.

மிக்க நன்றி, இப்போது அந்தப் பெண் இல்லை. அட்டைப்படத்தை ஏற்றுக்கொள்கிறோம், அச்சுக்கு அனுப்பலாம். ஒரே ஒரு சின்ன விஷயம். சிறுமியை வாசலிலிருந்து எடுத்து மாடி ஜன்னலுக்குள் வைத்திருக்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவள் கண்ணாடியில் கையை வைத்து அழுவதுபோல் இருக்கிறது. குழந்தைகள் புத்தகம் அல்லவா, அவளைச் சிரிக்க வைக்க முடியுமா?

படத்தைத் திறந்தான்.  சிவப்புக் கூரை. பூனை. முருங்கை. வாசல் நிலை.

நிலை காலியாக இருந்தது.

நீலக் கவுன் இல்லை. ரிப்பன் இல்லை. அவன் எதையும் அழிக்கவில்லை. மேலே ஜன்னலுக்குப் போனான். மஞ்சள். பெரிதாக்கினான். மஞ்சள். இன்னும் பெரிதாக்கினான், முகத்தைத் திரையில் ஒட்டினான், மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அவள் அங்கே இருக்கிறாள். அழுகிறாள். யாரோ ஒருத்திக்கு அது தெரிகிறது. அவனுக்கு மஞ்சள் மட்டும் தெரிந்தது.

"கண்ணு" என்றான் திரையைப் பார்த்து.

"ஒண்ணு" என்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

அபிராமியின் குரல்.  நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான். இங்கேதான் இருக்கிறாள். வாசலில் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படம் கிடக்கிறது, கோப்பு ஏதாவது கெட்டுப்போயிருக்கும், அந்தத் துரைசாணியும் கிடக்கிறாள்.

"ரெண்டு. மூணு. நாலு."

நிலையில் முகத்தைச் சாய்த்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தி, அதே நீலக் கவுன். மழை வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் சாம்பலாகத் தெரிந்தது. இந்த நேரத்தில் எல்லாம் அப்படித்தான் தெரியும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பதினொண்ணு. பன்னெண்டு."

தைல வாசம்.

"பதிமூணு."

பதினஞ்சு என்று அவன் உதடு தானாகவே அசைந்தது.

"பதினாலு."

பீப். பீப். பீப். யூபிஎஸ் வேகமாகக் கத்த ஆரம்பித்தது. திரை ஒரு தடவை நடுங்கியது. அந்த மஞ்சளை விடக்கூடாது என்று இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டான்.

"பதினஞ்சு. பதினாறு."

திரை அணைந்தது. கையில் கண்ணாடியின் சூடு மட்டும் இருந்தது. அதுவும் ஆறிக்கொண்டிருந்தது.

"பதினேழு."

வாசலில் இப்போது அது ஒன்றுதான் தெரிந்தது. சின்ன முதுகு. அவிழ்ந்த ரிப்பன். கழுத்திலிருந்து ஒரு கயிறு முதுகுப் பக்கம் தொங்கியது, கயிற்றின் நுனியில் குட்டிக் கத்தரி, காற்றே இல்லாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு."

ஓட வேண்டும். எங்கே ஓடினாலும் அந்த வாசல் வழியாகத்தான். அவன் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"பத்தொம்பது."